வழக்குத் தொடுக்க இவர்கள் யார்?

மனுகாவ் மாலில் மகனுக்குச் சட்டை வாங்கப் போயிருந்தேன். பெல்ட்டுகள் தொங்கிய வரிசையைத் தாண்டும்போது புதுத் தோலின் வாடை அடித்தது. எடுத்ததை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். நீ போய் மூன்று வருடம் ஆகிறது.

ஹில்ஸ்பரோவில் இரண்டே அறைகளில் இருந்தது நம் சிறுவர் உரிமை அமைப்பு. நீ யாழ்ப்பாணத்து வழக்கறிஞர். நான் மதுரையிலிருந்து வந்த சமூகப் பணியாளர். தகனினிப் புறநகரில் ஒரு தமிழ்க் குடும்பம். எட்டு வயது மகளை அப்பா பெல்ட்டால் அடிப்பதாகப் பக்கத்து வீட்டார் சொல்லிக்கொண்டேயிருந்தார்கள். சிறுவர் நல அலுவலகத்துக்கு எழுதி எழுதிப் பார்த்தோம். யாரும் அசையவில்லை. கடைசியில் நாமே குடும்ப நீதிமன்றத்துக்குப் போனோம்.

"இந்தப் பிள்ளைக்கு இவர்கள் யார்? வழக்குத் தொடுக்க என்ன உரிமை?" என்று அப்பாவின் வக்கீல் கேட்டார். நம்மைப் போன்றவர்களுக்கு நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அதைத் தரலாமா என்று விசாரிக்கவே இரண்டு வாரம் தள்ளிவைத்தார்கள்.

வெளியே வந்ததும் ஆப்பிரிக்காவைப் பற்றிச் சொன்னாய். சிறுவர் உரிமைக்கென்றே அமைத்த குழு ஒன்று, தான் வழக்குக் கொண்டுவரலாமா என்று அந்தக் கண்டத்தின் நீதிமன்றத்தைக் கேட்டதாம். வழக்குத் தொடுக்கக்கூடியவர்களின் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை, இருந்தால் நல்லது என்று பதில் வந்ததாம்.

"பட்டியல்ல பேர் இல்லையெண்டால் பிள்ளைக்கு நோகாதோ?" என்றாய்.

பத்தாம் நாள் பக்கத்து வீட்டிலிருந்து போன். நாம் போனபோது அலறல் தெருவரை கேட்டது. நீ உள்ளே ஓடினாய். நான் வெளியே நின்று போலீஸைக் கூப்பிட்டேன். பேசி முடித்த பிறகும் கால் நகரவில்லை. ஜன்னல் வழியே பார்த்தேன். சிறுமியின் இடது கை ஒடிந்து தொங்கியது. நீ அவள்மேல் கவிழ்ந்தாய். அப்பன் வீசிய பெல்ட்டின் பக்கிள் உன் கன்னத்தைக் கிழித்தது. மறுபடியும் ஓங்கினான். மறுபடியும். உன் ரத்தம் அவள் தலைமுடியில் சொட்டியது. "கண்ணை மூடு குஞ்சு," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாய். போலீஸ் வந்துதான் அவனைத் தரையில் அமுக்கியது.

கன்னத்தில் தையலோடு நீதிமன்றம் வந்தாய். வக்கீல் அதே கேள்வியைக் கேட்டார். "அடி விழும்போது அங்கே இருந்தவர்கள்," என்றாய். நீதிபதி அன்றே அனுமதி தந்தார். வழக்கு முடிந்து சிறுமி வெலிங்டனில் சித்தியிடம் போய்ச் சேர்ந்தாள்.

பல நாள் கழித்துத்தான் என்னால் சொல்ல முடிந்தது. "நான் உள்ள வரல. பயந்துட்டேன்."

"ஓம், தெரியும். நானும் பயந்துகொண்டுதான் போனனான்."

அடுத்த வருடம் புற்றுநோய் உன்னைக் கொண்டுபோனது.

போன மாதம் வேறொரு வீடு. உள்ளே பாத்திரங்கள் உடைந்தன, ஒரு குழந்தை வீறிட்டது. போலீஸ் வர இன்னும் நேரமிருந்தது. வீட்டுக்காரன் தள்ளியதில் சுவரில் மோதி என் வலது தோள் மூட்டு விலகிவிட்டது. இன்னும் அந்தக் கையை உயர்த்த முடியவில்லை. பயமே இல்லை என்று எழுத ஆசைதான், உன்னிடம் பொய் வராது. பயந்துகொண்டேதான் உள்ளே போனேன். இடக்கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு தெருவுக்கு வந்தேன்.