இடது பட்டன்

ஜூலை 7, திங்கள்
காலையிலேயே புழுக்கம். குன்றத்தூரில் கம்பெனி பஸ் பத்து நிமிடம் லேட். பிரஸ் ஷாப்பில் அண்ணனுக்கு நான்காவது நாள். அங்கே மெயின்டனன்ஸ் டெக்னீஷியனான நான்தான் கான்ட்ராக்டில் சேர்த்துவிட்டேன். அவனுக்கு ஸ்கிசோஃப்ரினியா என்று யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரையில் குரல்கள் நின்று இரண்டு வருடம். அப்புறம் என்ன நோய்?

வேலை இவ்வளவுதான்: தகட்டை வை. கையை எடு. இரண்டு கையாலும் இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்து; அப்போதுதான் பிரஸ் இறங்கி வெட்டும், கை உள்ளே மாட்டாது. எடு. டப்பாவில் போடு. அண்ணன் பட்டனில் நின்றுவிடுகிறான். வலது அழுத்துகிறான், இடது வருவதில்லை. யாராவது பேசினால் மறுபடி முதலிலிருந்து.

பக்கத்து மெஷின் இசக்கி, தென்காசிக்காரன்: "என்னல, ஒங்க அண்ணன் மெசினுக்குப் பூச பண்ணுதாரோ?" லைனே சிரித்தது. நானும்.

சூப்பர்வைசர்: "இன்னா மெயின்டனன்ஸு, ஆள இட்டாந்தியா, செலைய இட்டாந்தியா? வெள்ளிக்கெழமைக்குள்ள ஷிப்டுக்கு எண்ணூறு பீஸ் வரலன்னா அனுப்சிருவேன்."

ஜூலை 8
வீட்டில் பயிற்சி. தட்டுதான் தகடு, இரண்டு டப்பா மூடிதான் பட்டன். நாற்பது முறை. இடது கை வரவில்லை. அறைந்தேன். கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினேன். உதடு கிழிந்தது. என்னைவிட ஆறு வயது பெரியவன். அடியெல்லாம் விழுந்து முடிந்த பிறகு கையைத் தூக்கி முகத்தை மறைத்தான். அதைப் பார்த்து இன்னும் வெறி. வேண்டுமென்றே செய்கிறான்.

அம்மா: "பெரியவன் மேல கை வெக்கிறியே, நீ உருப்படுவியா?"

ஜூலை 9
மாத்திரை வாங்கும் நாள். அரை நாள் லீவு. டாக்டர் உதட்டைப் பார்த்தார், பிறகு என்னை.

"குரல் நிக்கிறது வேற தம்பி. காதுல விழுந்தது உள்ள போய் வேலையா மாறணும் இல்ல, அங்கதான் அவருக்கு லேட். சோம்பேறித்தனம் இல்ல. ஒரு நேரத்துல ஒண்ணு சொல்லுங்க. சொல்லிட்டு பொறுங்க. மெஷின் வேலை வேணாம்."

பொறுத்தால் எண்ணூறு வருமா? கேட்கவில்லை. எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: ஸ்டெப்பைக் குறைக்கணும்.

ஜூலை 10
டீ பிரேக்கில் இடது பட்டனை அழுத்தியபடியே கம்பியால் கட்டிவிட்டேன். பழைய பிரஸ், அழுத்துவது கையா கம்பியா என்று கேள்வி கேட்காது. இனி வலது கை மட்டும் போதும்.

"ஒரு கை. புரியுதா?"
ரொம்ப நேரம் கழித்து, "புரியுது."

மதியத்திலிருந்து ஓடினான். ஷிப்ட் முடிவில் எழுநூற்று நாற்பது. பஸ்ஸில் சிரித்தான். இரண்டு வருடத்தில் முதல் முறை.

ஜூலை 11
பதினொன்றேகால். தகடு சாய்ந்திருந்தது. பின்னாலிருந்து கத்தினேன்: "நேரா வைண்ணா." அசையவில்லை. "ஓட்டுண்ணா" என்றேன். வலது கை பட்டனுக்குப் போனது. நான் முதலில் சொன்னது அப்போதுதான் இடது கைக்குப் போய்ச் சேர்ந்தது. தகட்டை நேராக்க அந்தக் கை உள்ளே நுழைந்தது.

மூன்று விரல். சத்தம் தகடு வெட்டும் சத்தம்தான், வித்தியாசமே இல்லை. அவன் கத்தவும் நேரமானது. அதற்குள் இசக்கி கத்திவிட்டான்.

எல்லோரும் அவன் கையைப் பிடித்தார்கள். நான் கட்டிங் பிளையரால் கம்பியை வெட்டிப் பாக்கெட்டில் போட்டேன். பிறகுதான் துணி தேடினேன்.

ஜூலை 16, புதன்
விசாரணை. ஏசி ரூம். எச்.ஆர். சார், சூப்பர்வைசர், நாங்கள் இருவர். நோய் தெரிந்துவிட்டது, ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்தது. என் வேலை, போலீஸ் கேஸ், எல்லாம் அண்ணன் வாயில்.

எச்.ஆர். சார்: "ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா வெரல் எப்படிங்க உள்ள போச்சு? யாராவது பட்டன்ல எதாவது பண்ணாங்களா?"

அண்ணன் மேஜையைப் பார்த்தான். பதில் வந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த ரூமில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"சார் கேக்குறாருல்ல. புரியலன்னா புரியலன்னு சொல்லுண்ணா."

"புரியல சார்."

எச்.ஆர். சார் இரக்கத்தோடு தலையாட்டி எழுதினார்: ஆபரேட்டர் கவனக்குறைவு. மெஷின் சரியாக இருந்தது என்று டெக்னீஷியன் கையெழுத்து. போட்டேன்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோ. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்திருந்தான். ஒரகடம் பாலம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினான்.

"நீ கம்பி கட்டுன இல்ல, அதானே கேட்டாரு? போய் சொல்லிட்டு வந்துர்லாமா? சார் இருப்பாரா?"