வெங்காயம் இல்லாத குருமா

அன்பு மகளுக்கு,

போனில் பேசினால் உன் நைனா காதில் விழும். எனக்கு ஒரே குழப்பம். என் சமையல் புத்தகங்கள் எல்லாமே முதலில் வெங்காயத்தை வதக்கத்தான் சொல்கின்றன. சமணரான உன் வீட்டுக்காரர் வெங்காயம், பூண்டு தொடமாட்டாராமே, இருட்டினால் சாப்பிடவும் மாட்டாராமே! வெங்காயம் இல்லாமல் குருமா எப்படிக் கெட்டியாகும்?

உன் கல்யாணத்துக்கு வராதவரைப் பற்றி நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் வெங்காயமே சேர்க்காமல்தான் சமைக்கிறேன். "இன்னாடி இது, யாருக்கு?" என்று உன் நைனா கத்தினார். ஆனாலும் தட்டைக் காலி செய்துவிட்டார்.

நேற்று கோட்டை மலைமேல் வெயில் இருக்கும்போதே வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். அவரே எழுந்துபோய் இன்னும் இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு, வரும் விருந்தாளிகளுக்காக ஜெபித்தார். யாரென்று கேட்க எனக்குப் பயம்.

நீயே சொல், குருமாவுக்கு முந்திரி அரைக்கட்டுமா, தேங்காயா?

உன் அம்மா