உறைக்காத மிளகாய்த்தூள்

அன்புள்ள சீதேவிக்கு,

நான் சமைக்கப் பழகிவிட்டேன், சிரிக்காதே. நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? கொழும்பில் ஊரடங்கு, சாப்பாட்டுக் கடைகள் பூட்டு. மற்றபடி எனக்குக் குறையில்லை.

நம் கடைக்கு வாங்கவிருந்த மிளகாய்த்தூளின் மாதிரியைப் போட்டு மீன்கறி வைத்தேன். சிவந்தது, உறைக்கவில்லை. இருபது வருடம் தூள் விற்றவனுக்கு அடுப்படியில்தான் கலப்படம் பிடிபட்டது! ஊரடங்கு தளர்ந்ததும் மாதிரி தந்த மொத்த வியாபாரி நல்லரத்தினத்திடம் கறிச்சட்டியோடு போனேன்.

"வாயில வச்சுப் பாருங்க முதலாளி."

"தூள் கிடக்கட்டும், கறி நல்லாரிக்கே! ஆர் வச்ச?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சோற்றில் விட நீ வைக்கும் புளியாணத்துக்கு எத்தனை மிளகு என்று எழுது. நம் வீட்டு வளவுக் கறிவேப்பிலையும் கொஞ்சம் உறைக்குள் வை. இங்கும் கிடைக்கிறது, வாசம்தான் வேறு.

கடிதம் கொண்டுவருபவர் அவசரப்படுகிறார். நல்லரத்தினத்தோடு பேசி முடித்தது இதுதான்: தூள் வேண்டாம், முழுசாய்க் காய்ந்த செத்தல் மிளகாய், பழைய விலை, மூட்டைக்கு ஒரு பிடி எடுத்து நான் கறி வைத்துப் பார்த்த பிறகே காசு.

அழகரத்தினம்