சாய்கோட்டுக்குப் பின் இரண்டு எழுத்து

திங்கட்கிழமை காலை பங்சார் அலுவலகத்தில் ஒரு கோப்பைத் திறந்தேன். நம் கிளினிக் இணையதளத்தைப் புது கிளஸ்டருக்கு, அதாவது புது சர்வர் தொகுப்புக்கு, மாற்றுகிறோம். வருகிறவர்களை எந்தப் பக்கத்துக்கு அனுப்புவது என்று சொல்லும் பழைய விதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து அங்கே கொண்டுபோக வேண்டும். ஆங்கிலக் குறிப்புகளுக்கு நடுவே தமிழில் ஒரு வரி இருந்தது: "இதை எடுக்கிறதுன்னா முதல்ல என்கிட்ட பேசு." கீழே உன் பெயரின் முதல் எழுத்து.

அந்த வரி குறிப்பிட்ட தமிழ்ப் பக்கங்களின் விதியை எடுத்துவிடச் சொல்லி மேனேஜரிடமிருந்து வந்த உத்தரவு பக்கத்துத் திரையில் இருந்தது. உன்னிடம் பேசிவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றால், இனி யாராலும் எடுக்க முடியாது. அது எனக்குப் பிடித்திருந்தது.

உன் அடக்கத்தன்று பிரிக்பீல்ட்ஸ் மாதா கோயில் வாசலில் வைத்திருந்த புத்தகத்தில் எல்லோரும் அமைதியில் இளைப்பாறு என்று எழுதினார்கள். பேனாவை வாங்கி, கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வந்தேன். நீ அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. அப்படி ஒன்றை உனக்கு வேண்டிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

நாம் இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நீ ரயில்வே குடும்பத்துப் பெண், நான் கிள்ளான்காரி. கண்டெய்னரில் வேலை என்று நான் வீட்டில் சொன்னதும், துறைமுகத்தில் வேலை கிடைத்துவிட்டதாக அப்பா அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவிட்டார். அதைக் கேட்டு நீ ரயிலில் போட்ட சிரிப்புக்கு ஒரு பெட்டியே திரும்பிப் பார்த்தது. பிறகு நீயே வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு விளக்கினாய். "அங்கிள், எங்க கண்டெய்னர்ல சாமான் இல்ல, புரோகிராம்தான் ஓடும். வர்ற ஆளுங்க எல்லாருக்கும் ஒரே கேட். முகவரியில சாய்கோட்டுக்கு அப்புறம் என்ன எழுதியிருக்குன்னு பாத்து, எந்தக் கண்டெய்னருக்குப் போகணும்னு அந்த கேட் அனுப்பி வைக்கும்." அப்பாவுக்குப் புரிந்தது. எனக்கே அன்றுதான் முழுதாகப் புரிந்தது என்று உன்னிடம் சொன்னதில்லை.

நம் தளத்தில் சாய்கோட்டுக்குப் பின் டி, ஏ என்ற இரண்டு எழுத்து வந்தால் தமிழ்ப் பக்கங்கள். டாக்டரைப் பார்க்க நேரம் குறிக்கலாம், மாற்றலாம், ரத்து செய்யலாம். சென்ற முறை கிளஸ்டர் மாற்றி ஆறு மாதம் கழித்து, மேனேஜர் சந்திரன் ஒரு வரைபடத்தைக் காட்டினார். தமிழில் வருகிறவர்கள் முதல் பக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள், ஒருவர்கூட நேரம் குறிப்பதில்லை.

"நம்ம ஆளுங்களே யூஸ் பண்றதில்ல லா," என்றார். "எதுக்கு வெச்சுக்கிட்டு? மூடிருவோம்."

நான் தலையாட்டினேன். நீ ஆட்டவில்லை. "ஒருத்தர்கூடவா, பாஸ்? ஒருத்தர்கூட இல்லன்னா அது ஆளுங்க பிரச்சினையா இருக்காது," என்றாய். அவர் ஒரு வாரம் தந்தார்.

அந்தச் சனிக்கிழமை, கேரி தீவில் இருக்கும் என் சித்தி வீட்டுக்கு வண்டியை விட்டாய். சர்க்கரைக்காக மாதந்தோறும் கிள்ளான் கிளினிக்குக்குப் போகிறவர் சித்தி. "நீங்க எப்படி நேரம் குறிப்பீங்க, எங்க முன்னாடி செஞ்சு காட்டுங்க ஆன்டி," என்று கேட்டாய். சித்தி கைப்பேசியை எடுத்தார். தமிழில் முதல் பக்கம் வந்தது. 'நேரம் குறிக்க' என்பதைத் தொட்டார். ஆங்கிலப் பக்கம் வந்து நின்றது. திரும்பி வந்து மறுபடி தொட்டார். மறுபடி ஆங்கிலம்.

சித்திக்குக் கூச்சமாகிவிட்டது. "நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல. எப்பவும் இப்படித்தான் பண்ணிடுவேன் மா. அப்புறம் பஸ் ஏறி நேரா கிள்ளானுக்கே போய் நிப்பேன். விடுங்க, டீ குடிங்க."

திரும்பும் வழியில் கிள்ளான் பாலத்தில் நெரிசலில் நின்றபோது சொன்னாய். "அவங்க தப்பா அமுக்கல டி. நாமதான் தப்பா அனுப்புறோம்."

திங்களன்று விதியைத் திறந்தோம். ஒரே ஒரு சொல்தான் தவறு. அந்த இரண்டு எழுத்தில் தொடங்கும் முகவரி எல்லாம் தமிழுக்குப் போக வேண்டும். ஆனால் அந்த இரண்டு எழுத்து மட்டும் அப்படியே இருந்தால்தான் போகும் என்று எழுதியிருந்தது. அதன் பின்னால் இன்னொரு சாய்கோடும் இன்னொரு சொல்லும் சேர்ந்தால், கேட் அதை அடையாளம் தெரியாததாக எடுத்துக்கொண்டு, எல்லோரையும் அனுப்பும் பொது வழியில் ஆங்கிலத்துக்குத் தள்ளிவிட்டது. முதல் பக்கத்தைத் தாண்டி யாரும் போகவில்லை என்றால், போகவிடாமல் நிறுத்தியது நாம்தான்.

அந்த விதியை எழுதியது நான். தமிழ்ப் பக்கங்களைத் தனியாகச் சோதித்தேன், கேட் வழியாகச் சோதிக்கவில்லை. கோப்பின் வரலாற்றில் என் பெயர் இருந்தது. நீ பார்த்தாய். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கூட்டத்தில் சந்திரன், "யாரு போட்டது இது?" என்றார். நீ தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நிதானமாகக் குடிக்க ஆரம்பித்தாய். என்னைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை, எனக்காகப் பொய் சொல்லவும் இல்லை. "நான்தான் பாஸ்," என்றேன். நீ போத்தலை மூடி, "சரி, இப்ப மூடுறோமா, திருத்துறோமா?" என்றாய். திருத்தினோம். அடுத்த வாரம் அதே வரைபடத்தில் ஆட்கள் முதல் பக்கத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். அன்றுதான் அந்தக் குறிப்பை எழுதினாய்.

புற்றுநோய் உனக்கு அதிக நாள் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் தாதி குரலைத் தாழ்த்தினால், "நான் இன்னும் சாகல சிஸ்டர், சத்தமாவே சொல்லுங்க," என்று அதட்டுவாய். கடைசியாக நான் வந்தபோது உன் வாய் உலர்ந்திருந்தது. "அந்த வரி இருக்கா?" என்று கேட்டாய். இருக்கு என்றேன். கண்ணை மூடிக்கொண்டாய்.

இந்தச் செவ்வாய்க்கிழமை சந்திரனின் அறைக்குப் போனேன். இம்முறை அவருடைய காரணம் வேறு. "இப்போ பிரௌசரே தமிழாக்கிடுது. தனியா ஒரு கண்டெய்னர் ஓட்டணுமா?"

என் கைப்பேசியில் ஆங்கிலப் பக்கத்தைத் தமிழாக்கச் சொல்லி அவரிடம் நீட்டினேன். 'புக் நவ்' என்ற நேரம் குறிக்கும் பொத்தானில் 'இப்போது புத்தகம்' என்று இருந்தது. அவரும் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு, "இருந்தாலும் அதை எடுக்கிற உத்தரவுல கையெழுத்து போட்டுரு," என்றார்.

"முடியாது பாஸ். எடுக்கணும்னா நீங்க எடுங்க. உங்க பேர்ல எடுங்க. என் பேர்ல நடக்காது."

அவர் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். "எதுக்கு இவ்வளவு பிடிவாதம்? அவங்கதான் போயிட்டாங்களே."

"அவ போயிட்டா. நான் இருக்கேன்ல?"

இரண்டு நாள் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் பெயரிலும் எடுக்கவில்லை. வியாழக்கிழமை மதியம் அந்த விதி புது கிளஸ்டரில் ஏறியது. ஒவ்வொரு பக்கத்தையும் கேட் வழியாகவே திறந்து பார்த்தேன், ஒன்று விடாமல்.

இன்று சனிக்கிழமை. அலுவலகத்தில் என்னைப் பற்றி என்ன பேசிக்கொள்வார்கள் என்று தெரியும். உன்னைப் பற்றிப் பேசியதுதான், பிடிவாதக்காரி என்று. பேசட்டும். நீ எனக்குப் பொறுமை எதையும் விட்டுப் போகவில்லை. கோபத்தைத்தான் விட்டுப் போனாய், அதைக் குறைத்துக்கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை. யாராவது என் முன்னால் உட்கார்ந்து, "இதுக்கு ஆளே வர்றதில்ல," என்று சொன்னால், வந்தவர்களை எங்கே அனுப்பினீர்கள் என்று கேட்பேன். பதில் வரும்வரை எழுந்து போகமாட்டேன்.