பின்சக்கரத்தை நான் அளந்தேன்

ஸ்டெல்லா அப்பாவுக்கு,

நைட் ஷிப்ட் முடிந்து நீங்கள் வரும்போது நான் தண்டையார்பேட்டை கிடங்கில் இருப்பேன். புயலில் விழுந்த தூங்குமூஞ்சி மரத்தின் அடிக்கட்டையை இன்றைக்கே எடுக்கப்போகிறேன். காண்டிராக்ட் என் பெயரில்தான் இருக்கிறது. டிராக்டர் வேண்டாம்.

நேற்று ஆட்கள் முன்னால், "பொம்பளைக்கு மிஷின பத்தி இன்னா தெரியும்?" என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் கதவு ஆணியில் தொங்குகிறது. துணி காயப்போடும் கயிறுதான். முதல் முடிச்சு கிடங்கு கேட்டின் அகலம். இரண்டாவது டிராக்டரின் அகலம். அது முதல் முடிச்சைத் தாண்டி அரை முழம் தள்ளி நிற்கிறது. நீங்கள் முன்சக்கரத்தை அளந்துவிட்டுப் போதும் என்றீர்கள். பின்சக்கரத்தை நான் அளந்தேன்.

கேட் தூணை இடித்துவிடலாம் என்பீர்கள். உள்ளே வேர் தண்ணீர்க் குழாயைச் சுற்றிக் கிடக்கிறது. டிராக்டர் பக்கவாட்டில் இழுத்தால் குழாயும் சேர்ந்து வரும். நான் மூன்று கம்பம் நிறுத்தி, சங்கிலியால் பாரம் தூக்கும் செயின் பிளாக்கை அதில் மாட்டி, நேராக மேலே தூக்கப்போகிறேன்.

டிராக்டர்காரர் கோதண்டம் பத்து மணிக்கு வீட்டுக்கு வருவார். டீ கொடுத்து நீங்களே சொல்லி அனுப்புங்கள். வரச்சொன்னது நீங்கள்.

கடப்பாரைப் பெட்டியின் சாவி என் இடுப்பில் இருக்கிறது, தேடாதீர்கள். நெத்திலிக் குழம்பு மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள்.

பிலோமினா

சங்கிலி இழுக்க ஓர் ஆள் குறைகிறது. எழுந்ததும் வருவதானால் வாருங்கள். யோசனையை வீட்டில் வைத்துவிட்டு, கையை மட்டும் கொண்டுவாருங்கள்.