விரல் விழுந்த மேகம்

அன்பு மகள் தமிழ்நிலாவுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் தம்பி இளம்பரிதியும் இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் உன் குரல் கேட்டாலே தம்பி கையில் கொடுத்துவிடுகிறேன், அதனால்தான் இதை எழுதித் தம்பியிடம் அனுப்பச் சொல்கிறேன்.

காரியத்தன்று அம்மா படத்துக்கு மாலை போட வேண்டுமே என்று வீடெல்லாம் தேடினோம். கல்யாணப் படம் புயலில் ஓடு பறந்த வருஷமே ஊறிப்போனது. ஆதார் அட்டையில் இருப்பது யாரோ மிரண்டுபோன பொம்பளை, நான் அம்சம் என்று கூப்பிட்ட உன் அம்மா இல்லை. நான் என்ன சினிமாக்காரியா என்று கேமராவைக் கண்டாலே அடுப்படிக்குள் ஓடுகிறவள் எங்கே அகப்பட்டாள்? உன்னிடமும் இல்லை. வியாழன் கிரகத்து மேகத்தையும் புயலையும் படம் எடுக்கிறேன், பெத்த தாயை ஒரு படம் எடுக்காம விட்டுட்டேனே என்று நீ கதறியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ அப்படி அழக் கூடாது. நீங்கள் அனுப்பிய விண்கலம் கிரகத்தை நெருங்குகிற வாரம், நீ வேலையை விட்டு அசைய முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஆலங்குடி போய்க் குரு சன்னதியில் அந்தக் கலத்தின் பேருக்கு அர்ச்சனை கேட்டவள், குருக்கள் நட்சத்திரம் கேட்டதும் உன் நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டு வந்தாள். நம் கதிரெல்லாம் மழையில் சாய்ந்து கிடந்தபோதுகூட, நீ அனுப்பிய சிவப்புப் புயல் படத்தை அறுப்பாட்களிடம் காட்டி, எம்பொண்ணு எடுத்தது, பூமியையே முழுங்குற புயலாம், நல்லவேளை அங்க சாயுறதுக்கு ஒரு கதிர் இல்ல என்றாள். அன்று சாயங்காலம்தான் மார்வலி என்றாள். கும்பகோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டி வலங்கைமான் தாண்டவில்லை, அதற்குள் போய்விட்டாள். பக்கத்தில் இருந்த எங்களாலேயே ஒன்றும் செய்ய முடியவில்லை மகளே.

நேற்று அவள் போனைத் திறந்து பார்த்தோம். முழுக்க மேகம். வயல் வரப்பில் நின்று நம் ஊர் வானத்தை எடுத்திருக்கிறாள். உனக்கு அனுப்பத்தான் எடுத்தாளாம், அவ்வளவு பெரிய மேகமெல்லாம் பாக்குற புள்ளைக்கு இது எதுக்கு என்று வெட்கப்பட்டு அனுப்பாமலே வைத்துக்கொண்டாளாம், தம்பி சொன்னான். அதில் ஒன்றில் மட்டும் ஓரத்தில் விரல் விழுந்திருக்கிறது. அரிவாள் பட்ட தழும்போடு அவள் கட்டைவிரலேதான். அதைத்தான் சட்டம் போடக் கும்பகோணத்தில் கொடுத்திருக்கிறேன். இனி மாலை அதற்குத்தான். சொந்தக்காரர்கள் சொல்வதைச் சொல்லட்டும்.

நீ நல்லா இருக்கணும், உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது. பனியில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே, வேளைக்குச் சாப்பிடு. முப்பதாம் நாள் கும்பிடுவதற்காவது வந்துவிடு. மிச்ச மேகம் எல்லாம் போனில் அப்படியே இருக்கிறது, நான் ஒன்றையும் அழிக்கவில்லை. உனக்காக எடுத்தது.

உன் அப்பா,
சாமிதுரை