பதினொரு படிகள்

ஒத்தக்கடை,
ஞாயிறு மதியம்

என் ராசாவுக்கு,

இங்கிருந்து சிம்மக்கல்லுக்கு ஒரே டவுன் பஸ்தான். இருந்தும் பத்தொன்பது வருடம் கழித்துத் தபாலில்தான் வருகிறேன்.

நான் சமைக்கும் பெண்கள் விடுதியில் ரோகிணி என்று ஒருத்தி தங்கிப் படிக்கிறாள். நேற்று அவள் செல்போனிலிருந்து ஒரு மெட்டு கேட்டது. கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். மதியத்தில் உன்னைத் தூங்கவைக்க நானே இட்டுக்கட்டிய மெட்டு அது. உன்னைத் தவிர யாரும் கேட்டதில்லை.

"இது பழைய டிவி கேம்க்கா. யாரோ ஒரு ரசிகர் அவராவே புது லெவல் செஞ்சு போட்டிருக்காரு. பொம்மை நடந்தாத்தான் பாட்டு வரும், நின்னா நின்னுரும்" என்றாள்.

நானும் வாங்கி விளையாடினேன். நம் வீட்டு மாடிப்படி, பதினொன்று. பொம்மையின் கையில் என்னுடைய பச்சைப் பை. அதற்குத் திரும்பவே தெரியவில்லை. எந்தப் பக்கம் அழுத்தினாலும் கீழேதான் இறங்குகிறது. கடைசியில் ஒரு கதவு. திறந்தால் மறுபடியும் மேல்படியில் நிற்கிறது.

மெட்டின் பின்பாதியும் அதில் இருக்கிறது. அதை நான் ஒரே ஒரு நாள்தான் பாடினேன். நீ தூங்கிவிட்டாய் என்று நினைத்தேன். பாட்டு சட்டென்று நின்றால் விழித்துக்கொள்வாயே என்று, முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினேன்.

"ஒவ்வொரு படிக்கும் சவுண்டு கம்மியாயிட்டே போகுது, கவனிச்சீங்களாக்கா?" என்றாள் ரோகிணி.

இறங்கிப் போனவளுக்கு அது குறையவில்லை, ராசா. மேலே விழித்துக்கொண்டு படுத்திருந்தவனுக்குத்தான் குறைந்திருக்கும்.

இப்படிக்கு,
அம்மா